ஒரு அளவு பெரிய ஹெல்மெட்

எய்யா,

போன வியாழக்கிழமை நீ போனில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். கோயம்புத்தூரில் பைக் ரேஸ் பயிற்சியில் விழுந்தாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நாம் சேர்ந்து போய் வாங்கிய ஹெல்மெட் தரையில் மோதிவிட்டதால் இனி அதைப் போட்டுக்கொண்டு ட்ராக்குக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், கூட வேலை பார்க்கிறவன் தன்னுடையதைத் தருகிறேன் என்கிறான். அவன் இரண்டே தடவை போட்டதாம், சைஸும் அதேதானாம். நானும் "சரிய்யா" என்றேன். அந்த நேரம் வாசலில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் ஏழு ஜாக்கெட் துணியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு தையல் மிஷினில் உட்கார்ந்த பிறகுதான், எதற்குச் சரி என்று சொன்னோம் என்பதே எனக்கு உறைத்தது. அந்த ஹெல்மெட்டை வாங்காதே. அவன் மனசு கோணாமல் வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் உட்கார்ந்து எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்வாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதோடு, சொல்லவேண்டியது ஹெல்மெட்டோடு முடிந்துவிடுகிற விஷயமும் இல்லை. அதில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதி உனக்குத் தெரியாது, சென்ற ஞாயிற்றுக்கிழமை வரை உங்கள் அப்பாவுக்கும் தெரியாது. அளவு எழுதுகிற நோட்டில் பின்பக்கத் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். நடுவில் எங்காவது யாருடைய தோள் அளவாவது இருந்தால் கண்டுகொள்ளாதே.

டிப்ளமோ முடித்து நீ தென்காசியில் ஒர்க் ஷாப்பில் சேர்ந்த வருஷம்தான் இந்த மண் ரேஸ் பைத்தியம் உன்னைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீயும் உன் கூட்டாளிகளும் கீழப்பாவூர் பக்கம், சுரண்டை பக்கம் என்று எங்காவது தரிசு நிலம் தேடிப் போய்விடுவீர்கள். திரும்பி வரும்போது கண் இமையில்கூடச் செம்மண் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். பிரேக் போட்டால் வண்டி வழுக்கக்கூடாது என்பதுதான் அவர் படித்த படிப்பு. நீ வேண்டுமென்றே பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறாய் என்று கேட்டபோது அவர், தலைக்கு நல்ல ஹெல்மெட் இல்லாமல் ஒரு ரேஸுக்கும் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். அதை நான் என் தம்பியிடம் போனில் சொன்னேன். அதாவது, உன் மாமாவிடம்.

மாமாவுக்கும் எனக்கும் நடுவே என்ன நடந்தது என்று உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதில்லை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். மேலகரத்தில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, துபாயில் இருந்து லீவில் வந்திருந்த மாமா செங்கோட்டையில் சொல்லிச் செய்த தேக்கு பீரோ ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். நிலைக்கதவுக்குள் அது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கப் போட்டுப் பார்த்தார்கள். வீடு நிறைய ஆட்கள். நான் சிரித்துக்கொண்டே, "தையக்காரி தம்பின்னுதான் பேரு, அளவெடுக்காம செஞ்சிட்டு வந்திருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பந்தியில் உட்காராமல் போய்விட்டான். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. உனக்குப் போன் போடுவான், அப்பாவிடம் பேசுவான், என்னைக் கேட்கமாட்டான். பிறகு ஒரு நாள், எதற்கென்றே தெரியவில்லை, அவனாகவே கூப்பிட்டு, "எக்கா, நல்லாருக்கியா" என்றான். அதற்கு அடுத்த வாரம்தான் நான் அவனிடம் உன் ரேஸ் பற்றியும் ஹெல்மெட் பற்றியும் சொன்னேன். ஒரே மாதத்தில், லீவில் வந்த அவன் கூட்டாளி ஒருவர் கையில் அந்த ஹெல்மெட் வந்து சேர்ந்தது. கறுப்பில் ஆரஞ்சுக் கோடு போட்டது. பெட்டியைத் திறந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீ அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாய். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். தலை திரும்பிய பிறகு ஹெல்மெட் திரும்பியது. "எம்மா, ஆடுதும்மா" என்றாய். நான் கையை வைத்துப் பார்த்தேன். நெற்றிக்கும் அதற்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைந்தது. ஒரு ஜாக்கெட்டில் அரை இஞ்ச் கூடினால் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்துதான், "புதுசுலா, போடப் போட சரியாயிரும்" என்றேன். பின்னால் உனக்குப் புதிது வாங்கப் போன கடையில்தான் தெரிந்தது, ஹெல்மெட் போடப் போட லூசாகத்தான் ஆகுமாம், ஒரு நாளும் இறுகாதாம்.

உனக்குத் தெரியாத பாதி இங்கேதான் இருக்கிறது. மறுநாள் நீ ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்த நேரம் மாமா கூப்பிட்டான். முதல் கேள்வியே, "எக்கா, அளவு சரியா இருக்கா? நான் குத்துமதிப்பா எடுத்தேன். பெருசா இருந்தா சொல்லு, கூட்டாளி பதினஞ்சு நாள்ல திரும்ப வருதான், அவங்கிட்ட குடுத்து விடு, கடைக்காரன் மாத்திக் குடுப்பான்" என்பதுதான். இவ்வளவையும் அவனே சொன்னான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அந்த பீரோவும், வாசலில் நின்ற அவன் முகமும்தான் கண்ணில் வந்தது. மறுபடியும் நீ கொண்டுவந்தது அளவு சரியில்லை என்று என் வாயால் அவனிடம் எப்படிச் சொல்வேன்? "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குப்பா" என்றேன். அவன் சந்தோஷமாகச் சிரித்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் சிரிப்பைக் கேட்கிறேன். உன் தலையை விட அந்த நேரம் எனக்கு அவன் சிரிப்பு பெரிதாகப் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது உனக்குத் தெரியும். ஜாக்கெட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சில் இரண்டு துண்டு வெட்டி, கறுப்பு லைனிங் துணியில் உறைபோல் தைத்து, ஒட்டு டேப் வைத்து, ஹெல்மெட்டுக்கு உள்ளே முன்னாலும் உச்சியிலும் ஒட்டினேன். வெளியே தெரியவே தெரியாது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன் என்று எனக்குப் பெருமை வேறு. நீ போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஆடலை" என்றாய். என்ன செய்தாய் என்று நீ கேட்கவில்லை. நான் உள்ளே இருக்கும் துணியைக் கொஞ்சம் இறுக்கினேன் என்று நானாகச் சொன்னேன்.

திருவேங்கடம் பக்கம் அந்தக் கரிசல் தரிசில் நடந்த ரேஸுக்கு நானும் அப்பாவும் வந்திருந்தோம். ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்து எல்லாரையும் உள்ளே விட்டார்கள். அது பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய நானே பார்க்காதபோது அவர்களைச் சொல்லி என்ன. மூன்றாவது சுற்றில், கிழக்கு வளைவில் நீ விழுந்தாய். முதலில் முன்னால் குப்புற விழுந்தாய், அதில் ஹெல்மெட் முன்பக்கமாகச் சரிந்து முகத்தை மூடிக்கொண்டது. பின்னந்தலை வெளியே வந்துவிட்டது. அப்படியே புரண்டபோது பின்னந்தலை தரையில் மோதியது. நாங்கள் ஓடி வந்தபோது நீ உட்கார்ந்து, "எம்மா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஏழெட்டுத் தடவை அதையே சொன்னாய். அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, உள்ளே லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது, தானாகக் கரைந்துவிடும், ஐந்து நாள் இருக்கட்டும் என்றார்கள். இரண்டாம் நாள் காலையில் அப்பா உன் கட்டில் பக்கத்தில் நின்று கத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? "ஸ்ட்ராப்ப ஒழுங்கா மாட்டுனியாலே, இல்லையாலே? மாட்டியிருந்தா எப்படி அது சரியும்?" என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "சரியா மாட்டலப்பா" என்றாய். நான் தண்ணீர் பாட்டிலோடு கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீயே சொல்கிறாயே, ஒருவேளை ஸ்ட்ராப் லூசாகத்தான் இருந்திருக்குமோ என்று நானும் நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். நான் முன்னறையில் ஒரு பட்டு ஜாக்கெட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் குக்கர் சத்தம் போடவும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வீடு முழுக்கக் கருகல் வாடை வந்து ஓடி வந்தால், நீ இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஜாக்கெட்டில் இருந்து புகை வருகிறது. உன்னை ஏசப் போனேன். நீ நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா" என்று கேட்டாய். உனக்கு வாடையே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தே தெரியவில்லையாம். நாங்கள் பயப்படுவோம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாய். டாக்டர், பின்னந்தலையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும், திரும்ப வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

வாடை தெரியாமல் இருந்த அந்தப் பத்து மாதம் நீ சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதைப் போட்டாலும் "நல்லாருக்கும்மா" என்பாய். நாலாவது மாதம் காப்பியில் ரப்பர் எரிந்த வாடை அடிக்க ஆரம்பித்ததாம், அதை எனக்குச் சொல்லாமல் மூக்கைச் சுளிக்காமல் தினமும் இரண்டு வேளை குடித்தாய். உன் கூட்டாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு சாரல் ஆரம்பித்த ஆனி மாதக் கடைசியில் மூன்று பேரும் குற்றாலம் மெயின் அருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தாண்டும்போது நீ சட்டென்று நின்றாய். பின்னால் வந்த ஒருத்தர் உன்மேல் இடித்துவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். நீ நகரவில்லை. "எம்மா, எண்ணெ வாடை அடிக்குது" என்றாய். சரியான வாடைதானா என்று நான் கேட்டேன். "சரியான வாடைதாம்மா" என்றாய். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். அருவிக்குப் போகும் முன்னாலேயே அவர் முகம் நனைந்துவிட்டது. இன்றைக்கும் உனக்கு மல்லிகைப்பூ வாடை தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் அப்பா அந்த ஸ்ட்ராப்பை விடவே இல்லை. வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். டெப்போவில் சொன்னார். மாமா போனில் அழுதபோது, "நீ என்னப்பா செய்வ, நல்ல சாமான் வாங்கிக் குடுத்த, இவனுக்கு ஒரு ஸ்ட்ராப்பு மாட்டத் துப்பில்ல" என்றார். போன தீபாவளிக்குக் கோயம்புத்தூரில் இருந்து நீ வந்திருந்தபோதுகூட உன் சித்தப்பா முன்னால் அதைச் சொன்னார். நீ இட்லியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். நான் சட்னி வைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். அது பொய். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

நீ மறுபடி வண்டி ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா, "என்னமும் செய்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் மட்டும், ஹெல்மெட் வாங்க நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உனக்கு வெட்கமாக இருந்திருக்கும், இருந்தாலும் கூட்டிப்போனாய். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அந்தக் கடையை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்குமா? அவள் உன் தலையை அளக்க டேப்பை எடுத்தபோது, என் பையில் இருந்து என் டேப்பை எடுத்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, நீங்களே அளங்கக்கா என்றாள். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, காதுக்கு மேலே, பின்னால் தலை எங்கே ரொம்பப் புடைத்திருக்கிறதோ அங்கே சுற்றி எடுக்கச் சொன்னாள். ஐம்பத்தாறரை சென்டிமீட்டர். இருபத்திரண்டு வருஷம் உன் சட்டைக்கு எல்லாம் அளவெடுத்த எனக்கு அன்றைக்குத்தான் உன் தலை அளவு தெரியும்.

ஆனால் அவள், இந்த அளவு எந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்பதற்கு மட்டும்தான், மீதியைத் தலைதான் சொல்லும் என்றாள். உன்னை ஸ்டூலில் உட்காரவைத்து, உன் தலையை மேலே இருந்து என்னைப் பார்க்கச் சொன்னாள். சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு முன்னும் பின்னும் நீளம், உன் தலை நீளவாக்குத் தலை. அதே ஐம்பத்தாறரை உருண்டைத் தலைக்காரனுக்கு வசதியாக இருக்கிற ஹெல்மெட் உன் நெற்றியில் குத்தும், காதுப் பக்கம் காலியாக நிற்கும். இப்போது புரிகிறதா, ஹெல்மெட் தருகிறேன் என்கிற உன் கூட்டாளியின் சைஸும் உன் சைஸும் ஒன்றாக இருந்தாலும் அது ஏன் உனக்குப் பொருந்தாமல் போகலாம் என்று? ஒரே மார்பளவு உள்ள இரண்டு பெண்களுக்கு ஒரே ஜாக்கெட்டைக் கொடுத்தால் ஒருத்திக்குக் கைக்குழி பிடிக்கும், இன்னொருத்திக்குத் தோள் இறங்கும். நான் தினமும் பார்க்கிறது இது.

முதலில் போட்ட இரண்டும் சரிப்படவில்லை. மூன்றாவதைப் போட்டதும் உன் கன்னம் இரண்டும் உள்ளே அழுந்தி, வாய் மீன் வாய் மாதிரி ஆகிவிட்டது. இது சின்னது என்று நான் சொன்னேன். அந்தப் பெண், இதுதான் சரி, கன்னத்துப் பஞ்சு ஒரு மாதத்தில் கொஞ்சம் அமுங்கிவிடும், புதுசில் இறுக்கமாகத்தான் இருக்கணும், ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் குத்துகிற வலி இருக்கக்கூடாது என்றாள். ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திருப்பச் சொன்னாள். உன் நெற்றித் தோலும் புருவமும் அதோடு சேர்ந்து இழுபட்டது. அப்படித்தான் இருக்கவேண்டுமாம், தோல் சும்மா இருந்து ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அது பெரிசு. பிறகு தாடைக்குக் கீழே ஸ்ட்ராப்பை இரண்டு வளையத்துக்குள் விட்டு இறுக்கிவிட்டு, பின்னால் இருந்து ஹெல்மெட்டின் அடிவிளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள். பலமாகவே தூக்கினாள். உன் தலை குனிந்தது, ஹெல்மெட் கழலவில்லை. என்னையும் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். என் கையால் உன் தலையில் இருந்து அதைக் கழற்ற முடியவில்லை என்ற அந்த நிம்மதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி நீ எங்கே வாங்கினாலும் இந்த ஒன்றை மட்டும் விடாதே. கன்னமும் நெற்றியும் கண்ணாடியில் நன்றாக இருக்கலாம், பின்னால் இருந்து யாரையாவது தூக்கிப் பார்க்கச் சொல். அப்புறம் கழற்றாமல் அரைமணி நேரம் உட்கார். நீ அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய், நான் பக்கத்தில் கதை பேசிக்கொண்டிருந்தேன், நீ கன்னம் அழுந்தின குரலில் பதில் சொன்னாய், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்டதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். கழற்றியபோது நெற்றியில் லேசாக ஒரே சீராகச் சிவந்திருந்தது. பொட்டு மாதிரி ஓரிடத்தில் மட்டும் சிவந்திருந்தால் அதை வாங்கக்கூடாது என்றாள். இன்னொருத்தர் போட்டதை வாங்கக்கூடாது என்றும் அவள்தான் சொன்னாள். உள்ளே இருக்கிற வெள்ளைத் தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கினதுதான், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும், கொடுக்கிறவனுக்கே தெரியாது. உன் கூட்டாளி பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. அவன் வீட்டில் அது அலமாரி மேலிருந்து விழுந்ததா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நீ வாங்கும்போது உங்கள் ட்ராக்கில் எந்தத் தர முத்திரை இருந்தால் ஒத்துக்கொள்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு போ.

பில் போடும்போது அந்தப் பெண் பேச்சுவாக்கில், "சில பேரு பெருசா வாங்கிட்டு வீட்ல ஸ்பாஞ்சு வச்சு அடைச்சுப் போடுதாங்கக்கா. போடும்போது இறுக்கமாத்தான் இருக்கும். அடி விழுந்தா ஸ்பாஞ்சு அமுங்கிரும், அப்ப அங்கன ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்" என்றாள். நான் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ திரும்பாமல் நின்ற விதத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது.

புது பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது நானே கேட்டேன், நான் ஸ்பாஞ்ச் வைத்தது உனக்குத் தெரியுமா என்று. நீ டீயை ஊதிக்கொண்டே, "ஆஸ்பத்திரில ரெண்டாம் நாளே ஹெல்மெட்ட எடுத்துப் பார்த்துட்டேம்மா. காலைல அப்பா வரதுக்கு முன்னாடி பிச்சு எடுத்து, பக்கத்துல குப்பைத்தொட்டில போட்டேன்" என்றாய். ஏன் ஸ்ட்ராப் என்று சொன்னாய் என்று கேட்டேன். "என்னை ஏசுனா ரெண்டு நாள்ல விட்ருவாங்கன்னு நெனச்சேன். உன்னைன்னா விடமாட்டாங்க. மாமாவும் மறுபடி பேசாமப் போயிருவாங்க" என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தென்காசி பஸ் வந்துவிட்டது, நீ இடம் பிடிக்க ஓடிவிட்டாய். பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆலங்குளம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தலையில் அடிபட்டு, ரத்தம் கசிந்து, வாடை தெரியாமல் கட்டிலில் கிடந்த பிள்ளை விடிந்ததும் முதல் வேலையாக என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நான் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதற்கு அடுத்த மாதம் உனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. உன்னைப் பஸ் ஏற்றிவிட்ட பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ ஊரில் இல்லாததால் இனி அந்தப் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று இருந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. நீ போனில் சொன்னதைச் சொன்னேன், புது ஹெல்மெட் வேண்டுமாம் என்று. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "எதை வாங்கி என்ன, ஸ்ட்ராப்ப மாட்டணும்லா" என்றார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அப்படியே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கேட்டது, நான் சொன்ன பொய், ஸ்பாஞ்ச், ஆஸ்பத்திரி, டீக்கடை, எல்லாம். சோப்பு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. கடைசியில், "அவனுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சேவா இம்புட்டு ஏச்சும் வாங்குனான்?" என்றார். முகத்தைக் கழுவிவிட்டு, ஒரு பக்கம் தாடியும் ஒரு பக்கம் வழவழப்புமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானம் வரை வரவில்லை.

வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினார். "நீ ஸ்பாஞ்சு வச்சது தப்பு. சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு, "ஆனா எப்படிலே விழுந்தன்னு நான் அவங்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கணும்லா. நான் கேக்கவே இல்ல. பதிலையும் நானே சொல்லி அவனை ஏசத்தான் செஞ்சேன்" என்றார். அன்று சாயங்காலம் அவர் உனக்குப் போன் போட்டு, ஐந்தருவியில் தண்ணீர் கூடியதையும், போலீஸ் கயிறு கட்டியதையும், புளியங்குடி ரூட்டில் ரோடு தோண்டிப் போட்டிருப்பதையும் கால்மணி நேரம் சொல்லிவிட்டு வைத்தாரே, உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை "அப்புறம்லே" என்றார், மூன்று தடவையும் அருவிக்கே போய்விட்டார்.

மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவன் லீவில் வரும்போது நேரில் உட்காரவைத்துச் சொல்வேன். அவன் கோபித்துக்கொண்டு போனால் இந்தத் தடவை நான் பின்னாலேயே போவேன். உன்னிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பை டீக்கடையிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். நீ இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

இதைக் கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். அதற்கு முன்னால் கூட்டாளியிடம் எதையும் வாங்கிவிடாதே. அப்பா இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். வெள்ளி ராத்திரி வண்டியில் ஏறி சனிக்கிழமை காலையில் சிங்காநல்லூரில் இறங்குகிறார். உன்னோடு கடைக்கு வரப்போகிறாராம், எப்படிப் பார்த்து வாங்குவது என்று என்னிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். உனக்குச் சொல்லவேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன். நீ ஆறு மணிக்கே போய் நில். இறங்கியதும் அந்த டிரைவர் எப்படி ஓட்டினான் என்று குறை சொல்வார், கேட்டுக்கொள். அவர் வருவது உன்னிடம் ஒன்று சொல்ல. எங்கே வைத்துச் சொல்வார், எப்போது சொல்வார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆரம்பித்தார் என்றால், பாவம் அப்பா என்று நினைத்து, பரவாயில்லப்பா என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே. நீ சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். அவர் முழுதும் சொல்லி முடிக்கட்டும்.

அம்மா